பஞ்சவர்ணம் இறங்கிய வெந்நீர்த் தொட்டி

சட்டைப் பையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு வீடு வந்து சேரும் என் அப்பாவுக்கு,

வீட்டுக்குத் தென்புறம் ஒரு சந்து உண்டே, நீ சாரக்கம்பும் மிச்ச டைல்ஸும் அடுக்கி வைத்திருப்பாயே, அங்கே இப்போது ஒரு குளம் இருக்கிறது. ஏழாயிரம் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். வில்லாபுரத்தில், நம் தெருவில், நம் வீட்டில்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். "குடிக்கத் தண்ணிக்கு நாயா அலையுற ஊர்ல குளம் வெட்டுனியாக்கும்" என்பாய். தெருவும் அதைத்தான் சொன்னது. நீ போய்ப் பதினான்கு மாதமாகிறது. உனக்குத் தெரியாதது நிறைய சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

சாரம் சரிந்த அன்று மேலே நீ நின்று பூசிக்கொண்டிருந்தாய். பலகைச் சரிவில் கலவைச் சட்டியோடு அம்மா ஏறிக்கொண்டிருந்தாள். நீ அங்கேயே முடிந்துபோனாய். அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. உன்னை நம் வீட்டிலிருந்து எடுத்தபோது அவள் பெரியாஸ்பத்திரி வார்டில் கிடந்தாள். உன் முகத்தை அவள் பார்க்கவில்லை. இது உனக்குத் தெரியுமா?

அந்த மேஸ்திரி, அதாவது வேலையை எடுத்துச் செய்த காண்டிராக்டர், போலீஸிடம் என்ன சொன்னான் தெரியுமா? "அந்தம்மா பலகையில கால மாத்தி வச்சிருச்சு சார். அதான் சாரம் ஆடிப்போச்சு." மூன்று மழையில் நனைந்து மக்கிய கயிற்றால் சாரம் கட்டியவன் அவன். கயிற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு சித்தாளின் காலைப் பிடித்துக்கொண்டான். வழக்கு நடக்கிறது, அது அதன் வேகத்தில் நடக்கிறது.

நான் அதை நம்பவில்லை. உன்னோடு வேலை செய்த யாரும் நம்பவில்லை. நம்பியது ஒரே ஒரு ஆள்தான்.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து எலும்பை நன்றாகவே சேர்த்துவிட்டார்கள். ஐந்தாவது மாதம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கூடியாச்சும்மா, இனி எந்திரிச்சு நடக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர். அம்மா எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். நான் தூக்கி நிறுத்தினால் இடது காலைத் தரையில் படவிடாமல் கொக்குபோல் மடக்கிக்கொள்வாள். வலிக்குதா என்று கேட்டால் இல்லையென்று தலையை ஆட்டுவாள். வேறு என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம், தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். "இந்தக் காலுதான்டி உங்கப்பனக் கொன்னுச்சு. இத எதுக்கு நான் தரையில வைக்கணும்?"

எனக்குக் கோபம் வந்தது அப்பா. அழுகை வரவில்லை. எவனோ ஒருவன் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய், ஒரு பொம்பளையின் காலுக்குள் போய் இறங்கிவிட்டது. அதை எந்த எக்ஸ்ரேயில் பார்ப்பது?

திருநகர்ப் பக்கம் ஒரு பிசியோதெரபி சென்டரில் வெந்நீர்க் குளம் இருப்பதாகச் சொன்னார்கள். தண்ணீருக்குள் நின்றால் உடம்பு கனம் தெரியாது, பயம் போகும், கால் தானாக ஊன்றும் என்றார்கள். அம்மாவை ஆட்டோவில் போட்டுக் கூட்டிப்போனேன். வாசலில் இறங்கியதும் அம்மா சொன்னாள்: "இது நாங்க கட்டுனதுல்ல?" ஆமாம் அப்பா. நீ டைல்ஸ் ஒட்டிய குளம்தான். கோடையில் இரண்டு மாதம் போய்வந்தீர்களே, அதுதான்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "சேலை, நைட்டி அலவ்டு இல்ல மேடம். ஸ்விம்மிங் டிரஸ் கம்பல்சரி. மத்த பேஷண்ட்ஸ் கம்ப்ளைண்ட் பண்ணுவாங்க" என்றாள். மற்ற பேஷண்ட்ஸ் என்று சொல்லும்போது அவள் பார்த்தது அம்மாவின் குதிகாலை. சிமெண்டு தின்று வெடித்த குதிகாலை.

"இந்தக் குளத்துக்கு டைல்ஸ் ஒட்டுனது எங்கப்பா. கலவை சுமந்தது இவங்க" என்றேன்.

"ஓ, நைஸ்" என்றாள்.

நைஸ்! அந்தக் குளத்தில் என் அம்மா நிற்காத இடம் ஒரு சாண் கிடையாது. தண்ணீர் விடுவதற்கு முன்பு. தண்ணீர் விட்ட பிறகு அவள் இறங்க உடுப்பு சரியில்லை. இந்த ஊரில் எத்தனை ஓட்டலில், எத்தனை அடுக்குமாடியில் குளம் இருக்கிறது? அத்தனையும் யார் கை? அதில் ஒன்றிலாவது அந்தக் கை நனைந்திருக்கிறதா?

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "போவோம் வாடி" என்றாள். வெளியே ஆட்டோவில் ஏற்றும்போது பின்னாலேயே ஒரு அக்கா ஓடிவந்தார். அங்கே வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். பெயர் ஷகிலா. மதுரைப் பழைய டவுனுக்குள் வீடு.

"ஏம்மா, உங்க வீட்ல எடம் எம்புட்டு இருக்கு?"

"ஒரு சந்து இருக்குக்கா. இருபத்திரண்டு அடி நீளம், ஏழடி அகலம்."

"தாராளம். நெஞ்சளவு தண்ணி நின்னாப் போதும், வெதுவெதுன்னு இருக்கணும். நீங்க கட்டுற ஆளுங்கதான? எங்கிட்டு எங்கிட்டோ போயி கட்டுறீங்க, உங்க வீட்ல கட்டுங்க. வாரத்துல மூணு நாள் டூட்டி முடிச்சிட்டு நான் வாரேன்."

அன்று சாயங்காலமே உன் கூட்டாளி ஒச்சு மாமா வீட்டுக்குப் போனேன். நீயும் அவரும் எத்தனை வருடம் ஒரே சாரத்தில் நின்றீர்கள்! விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சந்துக்குள்ள குளமா? மாயாண்டி மகளுக்குக் கொழுப்பப் பாருங்கடா. டிப்ளமா படிச்சவ, படத்தப் போட்டுக் காட்டு, சிரிக்கவாச்சும் செய்வோம்."

படம் போட்டுக் காட்டினேன். சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரோடு கடப்பாரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கார்த்திகை மாத ஞாயிறுகள் எல்லாம் நம் சந்தில்தான் போயின. பழங்காநத்தத்தில் நான் சூப்பர்வைசராக நிற்கும் சைட்டில் ஆறு நாள், வீட்டில் ஏழாவது நாள்.

தோண்டினோம், கம்பி கட்டினோம், கான்கிரீட் போட்டோம், நீர் கசியாத பூச்சு பூசினோம். நீ சேர்த்து வைத்த டைல்ஸை ஒட்டினோம். கிழக்குச் சுவர் யாரோ ஒரு டாக்டர் வீட்டு அடுப்படி, மேற்குச் சுவர் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துக் குளியலறை. ஒரு வரிசையில் நீலம், ஒரு வரிசையில் ரோஜாப்பூ. பார்க்கக் கண்றாவியாக இருக்கும். எனக்கு அதைவிட அழகான சுவர் இந்த மதுரையில் இல்லை.

தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ராக்கம்மா பெரியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்டது: "ஏண்டி, நாங்க ஒரு கொடத்துக்கு ஒரு மணி நேரம் நிக்கிறோம். ஒங்காத்தா ஒத்தக் காலுக்குக் குளம் கேக்குதாக்கும்?"

அது நியாயமான கேள்விதான். அதனால் எனக்கு உறைத்தது. நம் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, இதைத்தான் விடப்போகிறேன், மணல் வடிகட்டி வைத்துத் திரும்பத் திரும்ப அதே தண்ணீரைச் சுற்றவிடுவேன் என்று விளக்கினேன். பெரியம்மா கேட்டுக்கொண்டு, "என்னமோ பண்ணு. வில்லாபுரத்துல ரிசார்ட்டு" என்று போய்விட்டது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தபால்காரர்கூட "ரிசார்ட்டு வீடுதான?" என்று கேட்டார்.

கசிகிறதா என்று பார்க்கத் தண்ணீர் விட்டு ஒரு வாரம் வைத்தோம். ஒரு விரற்கடை இறங்கவில்லை. ஒச்சு மாமா மீசையை முறுக்கிக்கொண்டார். எல்லாரும் சுற்றி நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷகிலாக்கா வந்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். எட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. அம்மா எப்படி எறங்குவாங்க?"

எல்லாரும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தோம் அப்பா. நாங்கள் கட்டியிருந்தது ஒரு தரைத்தொட்டி. நாலடி ஆழம், நாலு பக்கமும் செங்குத்துச் சுவர், ஒரு மூலையில் இரும்புக் கம்பிப் படி. காலையே தூக்க முடியாத பொம்பளைக்கு!

நாங்கள் ஐந்து பேர். எங்களுக்குள் இருபது நீச்சல்குளமாவது கட்டியிருப்போம். ஒருத்தர் மண்டையிலும் தோன்றவில்லை. ஏன் தெரியுமா? எங்களில் ஒருத்தர்கூட ஒரு குளத்தில் குளிக்க இறங்கியதில்லை. ஏணி போட்டு இறங்குவோம், ஒட்டுவோம், பூசுவோம், ஏணியிலேயே ஏறி வெளியே வந்துவிடுவோம். குளம் என்றால் எங்களுக்கு வேலை. மனிதர் எப்படி உள்ளே போவார்கள் என்பது எங்களுக்குப் பாடத்திலேயே இல்லை. படம் போட்ட டிப்ளமாக்காரிக்கும்தான்.

ஒச்சு மாமாதான் சமாளித்தார். "அதுக்கென்ன, மேல ஒரு கப்பியப் போட்டு, நாற்காலியக் கட்டி எறக்கிருவோம்."

உள்ளே கதவுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. "நான் என்ன கலவைச் சட்டியா, கப்பி போட்டு எறக்க?"

அம்மா! ஒரு வருடமாக முணுமுணுப்புக்கு மேல் வராத குரல். சைட்டில் மூன்றாம் மாடிக்குக் கேட்குமே, அந்தக் குரல்.

"என்னையத் தூக்கிட்டுப் போயி அங்கன வைங்கடா. நாலு கொத்தனாரு சேர்ந்து எலிப்பொறி கட்டி வச்சிருக்கானுக."

நாற்காலியோடு தூக்கிப்போய்த் தொட்டி ஓரத்தில் வைத்தோம். அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேற்குச் சுவரைக் காட்டி, "இத இடிங்க" என்றாள். கல்யாண மண்டபத்து ரோஜாப்பூச் சுவரை. ஒட்டிப் பத்து நாள் ஆகவில்லை. ஒச்சு மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"இடிச்சிட்டு?"

"சந்து முனையிலருந்து படிப்படியா எறக்கிட்டு வா. படி உசரம் அஞ்சு விரக்கடைக்கு மேல போகக் கூடாது. அகலம் ஒரு அடி. ரெண்டு பக்கமும் கையப் பிடிக்கக் குழாய்."

"ஒரு அடி பத்துமா தங்கச்சி? சாரப் பலகையிலயே கால் ஊன்ற ஒண்ணேகால் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடிப்போமே."

"அது ஒங்க காலுக்கு அடிக்கிற சட்டம். தலையில பாரத்த வச்ச பொம்பளைக்கு ஒரு அடிக்கு மேல எட்டு வராது. முப்பது வருசமா ஒங்க சட்டத்துக்கு நாங்க எட்டி எட்டி வச்சம்ல, ஒருத்தனாச்சும் கேட்டீகளா?"

கேட்கவில்லை. நீ கேட்டாயா அப்பா? நானும் கேட்டதில்லை. அன்றுதான் என் சைட்டில் அடித்திருக்கும் சட்டங்களை மனத்துக்குள் அளந்து பார்த்தேன்.

"படியில டைல்ஸ் ஒட்டாத, வழுக்கும். ஈரச் சிமெண்டுல கயித்த அமுக்கிக் கோடு போடு" என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். ஒச்சு மாமாவுக்கு ரோஷம். கேலியாகக் கேட்டார்: "எல்லாம் சரி தங்கச்சி. இம்புட்டுப் படியில நீ தடுக்கி விழுந்துற மாட்டியே?"

"யாரு தடுக்குனது? முப்பது வருசம் தலையில சட்டியோட ஏறி எறங்குனவ. கண்ணக் கட்டி விட்டாக்கூட எனக்குக் கால் மாறாதுய்யா!"

சொல்லிவிட்டு அம்மா சட்டென்று நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது. தான் சொன்னது தன் காதிலேயே இப்போதுதான் விழுந்தது போல.

பிறகு மெதுவாக, "அப்ப கயிறுதானாண்ணே?" என்று கேட்டாள்.

ஒச்சு மாமா பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கயிறுதான் தங்கச்சி. நான் எம்புட்டு தடவ சொன்னேன்? அறுந்த முனைய இந்தக் கையால எடுத்துப் பாத்தேன். நூலு நூலா மக்கிக் கெடந்துச்சு. நீ அடுத்த சட்டத்துல கால வைக்கவே இல்ல, அதுக்கு முன்னயே அறுந்து போச்சு."

அம்மா அழுதாள். உனக்காக அவள் அழுதது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதுவரை தன்னைத் திட்டிக்கொள்ளத்தான் அவளுக்கு நேரமிருந்தது. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, "என்னடா வேடிக்கை? இடிங்க" என்றாள்.

தண்ணீரை இறைத்துவிட்டு இடித்தோம். பதின்மூன்று படி. ஒவ்வொன்றையும் அம்மா விரல் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த படி.

அதன் பிறகு சூடு. மதுரையில் தண்ணீரைச் சூடாக்க வழி கேட்டால் யாராக இருந்தாலும் முதலில் சிரிப்பார்கள். "சித்திரை வரைக்கும் பொறு, தானாக் கொதிக்கும்" என்பார்கள். ஆனால் அது மார்கழி. தரைக்குள் கிடக்கும் தண்ணீர் சில்லிட்டுப் போயிருந்தது. குளிர்ந்த தண்ணீர் தசையை இறுக்கிவிடும், முப்பத்துமூன்று முப்பத்துநான்கு டிகிரி வேண்டும் என்று ஷகிலாக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்களுக்குத் தெரிந்தது வெந்நீர் விளாவுவதுதான். சமையல்காரரிடம் இரண்டு பெரிய அண்டா வாங்கி, செங்கல் அடுப்பு மூட்டி, கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். ராக்கம்மா பெரியம்மா மொட்டைமாடியில் நின்று, "பந்தி எப்பப்பா?" என்று கேட்டது. ஷகிலாக்கா வெப்பமானியை மேலே வைத்தார், நாற்பது. கயிறு கட்டிக் கீழே விட்டார், இருபத்தைந்து. நெஞ்சு வேகும், கால் விறைக்கும்.

"மேல ரசம், கீழ மோரு" என்றார் ஒச்சு மாமா.

வாளித் தண்ணீர் காயவைக்கும் கரண்டுக் கம்பியைத் தொட்டியில் போடலாம் என்றான் ஒருவன். மனுஷி இறங்கும் தண்ணீரில்! ஓட ஓட விரட்டினேன்.

விடை மாடியில் கிடந்தது. மறுநாள் மத்தியானம் மாடிக் குழாயைத் திறந்தேன், கை சுட்டுவிட்டது. மார்கழியிலும்! வெயிலில் கிடக்கும் இரண்டு முழக் குழாய் அது. இரண்டு முழத்துக்கே இந்தச் சூடு என்றால் ஆயிரம் அடிக்கு? ஒச்சு மாமாவின் மச்சான் உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். சொட்டுநீருக்குப் போட்டு எடுத்த கறுப்புக் குழாய் சுருள் சுருளாகக் கிடந்தது. கொண்டுவந்து மாடி முழுக்கக் கொசுவர்த்திபோல் சுற்றிப் பரப்பினேன். சின்ன மோட்டார் ஒன்று தொட்டியின் அடித் தண்ணீரை உறிஞ்சி மாடிக்கு அனுப்பும். வெயில் சூடாக்கி அனுப்பும். அடியிலிருந்தே எடுப்பதால் மேலென்றும் கீழென்றும் பேதமில்லை. சாயங்காலம் மோட்டாரை நிறுத்தி, தெர்மாகோல் பலகையால் தொட்டியை மூடிவிடுவோம். மோட்டார் சுவருக்கு அந்தப் பக்கம். மின்சாரம் கசிந்தால் உடனே அணையும் சுவிட்ச் வைத்தாயிற்று. அதையும் நம்பாமல், ஆள் இறங்கும் நேரம் மோட்டாரின் பிளக்கையே பிடுங்கிவிடுவேன்.

மூன்றாம் நாள் முப்பத்துமூன்று காட்டியது. மேலேயும் முப்பத்துமூன்று, கீழேயும் முப்பத்துமூன்று. நான் தெருவில் இறங்கிக் கத்தினேன். மதுரை வெயிலை எல்லாரும் திட்டுகிறார்கள். நான் அதைக் குழாய்க்குள் பிடித்துப்போட்டு என் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன். இதைவிட ஒரு டிப்ளமாவுக்கு என்ன வேண்டும்?

அம்மா விரலை விட்டுப் பார்த்து, "இதெல்லாம் ஒரு சூடா? பிள்ள பெத்தவளுக்கு ஊத்துனா திட்டுவா" என்றாள். அது வேறு.

தை பிறந்து முதல் ஞாயிறு, காலை பத்து மணி. என்ன உடுத்திக்கொண்டு இறங்குவது என்று ஷகிலாக்கா கேட்டார். அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னாள். உன் கட்டம்போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். சைட்டுக்குப் போகும்போது போடுவாளே, அதேபோல். தலையில் துண்டைக் கட்டினாள். சட்டி மட்டும்தான் இல்லை. கம்பல்சரி டிரஸ்!

சந்து முனையில் நிறுத்தினோம். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதல் படியில் வைத்தாள். இடது கால் மடங்கியே இருந்தது. ஷகிலாக்கா தண்ணீருக்குள் நின்று, "வாங்கம்மா, நான் இருக்கேன்" என்றார். அம்மா இடது காலைப் பார்த்தாள். வெகுநேரம். பிறகு இறக்கினாள்.

மூன்றாவது படியில் தண்ணீர் பாதத்தை நனைத்தது. ஆறாவதில் முழங்கால். ஒன்பதாவது படியில் தண்ணீர் இடுப்பைத் தூக்கியது. "ஏண்டி, கனமே இல்லடி!" என்றாள். பதின்மூன்றாவது படி. தரை. இரண்டு காலும் தரையில். உள்ளங்கால் முழுசாக.

"ரெண்டு அடி வைங்க. பின்னாலருந்து நான் பிடிச்சுக்கறேன்" என்றார் ஷகிலாக்கா. அம்மா வைத்தாள். இன்னும் இரண்டு. இன்னும் இரண்டு. நீ வைத்திருந்த நீல டைல்ஸ் வரிசை வரைக்கும் போனாள்.

"பிடிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டாள் அம்மா, திரும்பாமலே.

"எப்பவோ விட்டாச்சும்மா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். ஷகிலாக்கா நாலடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது மாடியிலிருந்து ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது பார், ராக்கம்மா பெரியம்மாதான். ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை போட்ட அதே வாய். தெருவே சேர்ந்துகொண்டது. ஒச்சு மாமா சந்துக்குள் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம். வாரத்துக்கு மூன்று நாள். இப்போது அம்மா ஒரு கைத்தடியோடு தரையில் நடக்கிறாள் அப்பா. அடுப்படிக்குப் போகிறாள். என்னை எழுப்ப வருகிறாள், அந்தத் தடியாலேயே.

சனிக்கிழமை குளம் தெருவுக்கு. முதலில் வந்தது யாரென்று நினைக்கிறாய்? ராக்கம்மா பெரியம்மா. முப்பது வருடம் குடம் சுமந்த முழங்கால். முகத்துக்கு மஞ்சளும் காலுக்கு எண்ணெயும் அப்பிக்கொண்டு வந்து இறங்கி, தண்ணீரைச் சாம்பாராக்கிவிட்டது. வடிகட்டியைக் கழுவ எனக்கு ஒரு நாள் ஆயிற்று. அம்மா தடியை நீட்டி, "கழுவிட்டு எறங்குக்கா, இது என்ன ஒங்க வீட்டு அண்டாவா?" என்று சத்தம் போடுகிறாள். இப்போது ஐந்து பொம்பளைகள் வருகிறார்கள். செங்கல் சுமந்தவர்கள், குடம் சுமந்தவர்கள். யாரையும் சேலையைக் கழற்றச் சொல்லவில்லை. யாரும் கம்ப்ளைண்ட் பண்ணவும் இல்லை.

ஒரு காலைத் திரும்பப் பெற ஒரு தெருவே குளம் வெட்ட வேண்டியிருக்கிறதே, இது எந்த ஊர் நியாயம்? எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் இது ஜெயித்த கோபம். சாப்பாடு இறங்குகிறது.

கடைசியாக ஒன்று. போன வாரம் காலையில் அம்மா தடியை எடுத்துக்கொண்டு, "வாடி" என்று வாசலைத் தாண்டினாள். தெருவில் நடந்தோம். உன்னைத் தூக்கிப்போன அன்று நாங்கள் பொம்பளைகள் எல்லாம் தெருமுக்கு வரைதான் வந்தோம். அங்கே நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் பொம்பளை வரக்கூடாதாம். நானும் திரும்பினேன். அந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சண்டை போடவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா அந்த முக்கில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"இங்கனதான் நின்னீகளா?"

"ஆமாம்மா."

"இதுக்கு மேல எந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போனாக?"

கையைக் காட்டினேன். அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். திரும்புவாள் என்று நினைத்தேன். தடியை முன்னால் ஊன்றி, இடது காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். அந்தக் காலைத்தான் முதலில் வைத்தாள். பெட்டிக்கடையில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் தடி பேசியிருக்கும்.

அன்று அடுத்த மின்கம்பம் வரைக்கும்தான் முடிந்தது. மறுநாள் அதற்கு அடுத்த கம்பம். தினம் ஒரு கம்பம் என்று வைத்திருக்கிறாள்.

இரண்டு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. என் சைட்டில் கட்டும் எந்தச் சாரத்திலும், கயிற்றை நான் என் கையால் இழுத்துப் பார்த்து, முதல் ஆளாக ஏறி இறங்காமல், எந்தச் சித்தாளின் காலும் பலகையில் படாது. சட்டம் ஒரு அடிக்கு ஒன்றுதான். இன்னொன்று, கம்பம் கம்பமாக எத்தனை நாள் ஆனாலும், உன்னை எரித்த இடம் வரைக்கும் அம்மாவோடு நடந்து வருவேன். தப்பாக நினைக்காதே, உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வருவதற்குத்தான்.

கொத்தனார் மாயாண்டிக்கும் சித்தாள் பஞ்சவர்ணத்துக்கும் பிறந்த ஒரே மகள்,
வாணி